டௌ-நாட்டுக்கு முன்னால்

இரண்டு தங்க அணுக்கருக்கள் ஒளிவேகத்தை நெருங்கி வந்து மோதுவதைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்கும் நிரல்கள் பலவற்றின் உள்ளீட்டுக் கோப்பில் ஓர் எண் இருக்கும். துறையில் அதை ‘டௌ-நாட்’ என்பார்கள். மோதல் நடந்து எவ்வளவு நேரம் கழித்துக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லும் எண் அது. பல காலம் அந்த இடத்தில் 0.6 என்றோ 1 என்றோ எழுதிவந்தோம். அலகு, ஒரு ஃபெர்மி தூரத்தை ஒளி கடக்கும் நேரம். ஒரு நொடியை 300 கோடி கோடி கோடித் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு.

கொல்கத்தாவில் ஆய்வு மாணவியாக இருந்தபோது இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டேன். அப்படி வைத்தால்தான் சோதனை முடிவோடு பொருந்துகிறது என்றார்கள். நேர்மையான பதில்தான். ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் நடந்ததெல்லாம் எங்கே போயிற்று? அந்தக் கேள்வியை ஓய்வுபெற்ற பிறகும் நான் விடவில்லை. பழைய கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று தெரிகிறது: இந்தத் துறை முதல் அரை நூற்றாண்டை அந்த முதல் கணத்தைத் தாண்டிக் குதிப்பதிலேயே கழித்தது. உள்ளே இறங்கியது மிகவும் பிந்தித்தான். அதுவும் வேறு வழியில்லாமல்.

முதலில் குதித்தவர் என்ரிக்கோ ஃபெர்மி. நீள அலகுக்குப் பெயர் கொடுத்த அதே ஃபெர்மி. 1950-இல், யுகாவா கியோட்டோவில் தொடங்கிய ‘புரோகிரஸ் ஆஃப் தியரிட்டிக்கல் ஃபிசிக்ஸ்’ இதழில் அவருடைய பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அப்போது பெரிய முடுக்கிகள் இல்லை. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்தான் இலவச முடுக்கி. ஃபெர்மி வேலை பார்த்த சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே மார்செல் ஷைன் குழு ஒளிப்படப் பசைத் தகடுகளைப் பலூனில் ஏற்றி மேலே அனுப்பியது. ஒரே மோதலில் துகள்கள் கற்றையாகச் சிதறிய தடங்கள் அவற்றில் பதிந்தன. இரண்டு துகள் மோதினால் இத்தனை துகள்கள் எப்படிப் பிறக்கும்?

அன்றைய கணக்கு முறைகள், விசை பலவீனமாக இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். இங்கோ விசை மிக வலியது. ஃபெர்மி எதிர்முனைக்குப் போனார். விசை அவ்வளவு வலியது என்றால், வந்த ஆற்றல் முழுதும் அந்தச் சிறிய இடத்துக்குள் கணப்பொழுதில் எல்லா நிலைகளுக்கும் புள்ளியியல்படி பங்கிடப்பட்டுவிடும் என்று வைத்துக்கொண்டார். பிறகு எத்தனை துகள் வெளியே வரும் என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கு. அழகான தந்திரம். முதல் கணம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த ஆண்டே மாஸ்கோவில் பொமெரான்சுக் குறுக்கே பேசினார். அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று மோதாமல் எப்படி வெளியேற முடியும்? கூட்டம் விரிந்து ஆறிய பிறகுதானே ஒவ்வொன்றும் தன் வழி போகும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு 1953-இல் லெவ் லாண்டாவ் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை எங்கள் பிழைப்புக்கு ஆதாரம். சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் நூலகத்தில், லாண்டாவின் தொகுப்பு நூலில் அதைப் படித்தேன். ஒளிநகல் இன்னும் என்னிடம் இருக்கிறது, மை மங்கிவிட்டது.

லாண்டாவின் படம் இது. எதிரெதிரே வரும் இரண்டும் சார்பியல் விதிப்படி நீளவாக்கில் நசுங்கி அப்பளம்போல் ஆகிவிடுகின்றன. மோதியதும் அப்படியே நின்றுவிடுகின்றன. நின்ற இடத்தில் ஒரு மெல்லிய, கொதிக்கும் தட்டு. அதற்குள் துகள் எத்தனை என்று கேட்பதில் பொருள் இல்லை. துகள்களின் எண்ணிக்கை என்பது கடைசியில், ஒன்றையொன்று விட்டு விலகும்போதுதான் அர்த்தம் பெறும். அதுவரை இருப்பது பாய்மம். அழுத்தம் தள்ள, தட்டு முதலில் மோதிய திசையிலேயே விரியும், பிறகு பக்கவாட்டில் பரவும். உராய்வு இல்லாத பாய்மம் என்றால் என்ட்ரோபி மாறாது. ஆகவே கடைசியில் எத்தனை துகள் வரும் என்பது முதல் கணத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இதில் ஒரு பின்கதை உண்டு. அந்த ஆண்டுகளில் லாண்டாவ் சோவியத் அணுகுண்டுக்கான கணக்குகளைப் போடும் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். லாண்டாவின் சமன்பாடுகளுக்கு ஒரு பரிமாணத்தில் துல்லியமான தீர்வு கண்ட கலாட்னிகோவும் அதே குழுதான். ஃபெர்மியோ லாஸ் அலமோஸில் இருந்தவர். மிகச் சிறிய இடத்தில் மிகப் பெரும் ஆற்றல் திடீரென்று கொட்டினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு அந்த நினைப்பு வராமல் இருந்ததில்லை.

1952-இல் ஹைசன்பர்க் வேறு ஒரு வழி காட்டினார். துகள்கள், வெப்பம் எதுவும் வேண்டாம். மோதும் கணத்தில் இருப்பது ஒரு வலிய மெசான் புலம், அதில் எழும் அதிர்ச்சி அலைதான் பின்னால் துகள்களாக உடைகிறது என்றார். அவர் எடுத்த சமன்பாடு பிழைக்கவில்லை. கட்டுரையும் ஓரத்துக்குப் போயிற்று. ஆனால் முதல் கணத்தைத் தாண்டிக் குதிக்காமல் அதன் உள்ளேயே நின்று பார்க்க முயன்றவர் ஃபெர்மி, லாண்டாவ், ஹைசன்பர்க் ஆகிய மூவரில் அவர் மட்டும்தான்.

பிறகு ஒரு நீண்ட வறட்சி. அறுபதுகளில் துகள் இயற்பியலின் நாகரிகம் மாறிவிட்டது. பாய்மம் என்று பேசினால் சிரித்தார்கள். 1974-இல் பீட்டர் கரதர்ஸ், லாண்டாவ் மாதிரி சோதனை முடிவுகளோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று காட்டி எழுதிய கட்டுரைக்கு ‘துகள் உற்பத்தியின் மதவிரோத மாதிரிகள்’ என்றே தலைப்பு வைத்தார். நிலைமை அப்படி.

அதற்குள் ஃபெய்ன்மனின் பார்ட்டான் படம் வந்திருந்தது. அதன்படி அதிவேக மோதலில் எதுவும் அப்படியே நின்றுவிடுவதில்லை. ஊடுருவிப் போகிறது, போகும் வழியில் நடுவே ஆற்றலை விட்டுச் செல்கிறது. கதிர் செல்லும் திசையில் எந்த வேகத்தில் ஓடிக்கொண்டு பார்த்தாலும் நடுப்பகுதி ஒரே மாதிரிதான் தெரியும். இந்தச் சமச்சீரைப் பாய்மத்தோடு இணைத்தவர்கள் 1974-இல் ருடால்ஃப் ஹ்வா, 1975-இல் டெக்சஸில் சியூ, சுதர்சன், வாங் ஆகிய மூவர். இந்தச் சுதர்சன் நம் ஜார்ஜ் சுதர்சன்தான். கோட்டயத்துக்காரர், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வாங்கியவர். எண்பதுகளில் அதே தரமணி நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். அந்தக் கட்டுரையை இன்று மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. பெயர் போனது ஜேம்ஸ் பியோர்க்கனுக்கு. துறையில் எல்லாருக்கும் அவர் பி.ஜே.

நியாயமாகச் சொன்னால் பெயர் போனதற்குக் காரணம் உண்டு. ஃபெர்மி ஆய்வகத்தில் இருந்தபடி பி.ஜே. எழுதி 1983 ஜனவரியில் வெளிவந்த கட்டுரை, சமச்சீரோடு நிற்கவில்லை. சோதனைக்காரர்கள் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு சூத்திரத்தைக் கொடுத்தது. மோதலிலிருந்து பக்கவாட்டில் வந்த ஆற்றலை அளந்துகொள், அணுக்கருவின் குறுக்குப் பரப்பால் வகு, டௌ-நாட்டால் வகு. கிடைப்பது தொடக்க ஆற்றல் அடர்த்தி. டௌ என்பது பாய்மத்தின் ஒவ்வொரு துளியும் தன்னோடு சுமந்து செல்லும் கடிகாரத்தின் நேரம். டௌ-நாட்டுக்கு அவர் போட்ட மதிப்பு, உத்தேசமாக 1.

கவனியுங்கள், அந்த எண் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் ஆற்றல் அடர்த்தி இரட்டிப்பாகும். குவார்க்-குளுவான் பிளாஸ்மா பிறந்துவிட்டதா இல்லையா என்ற தீர்ப்பே அந்த அடர்த்தியை வைத்துத்தான். பிளாஸ்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஷூர்யாக், 1978-இல். தீர்ப்பு யாரும் அளக்காத ஓர் எண்ணின்மேல் நின்றது.

எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஜெனீவாவின் செர்னிலும் நியூயார்க் அருகே புரூக்ஹேவனிலும் அயனிகளை நிலையான இலக்கில் மோதிப் பார்த்தார்கள். 2000 பிப்ரவரியில் செர்ன் புதிய பருப்பொருள் நிலைக்கான சான்று கிடைத்ததாக அறிவித்தது. அதை முழு மனதோடு ஏற்காதவர்கள் பலர். அந்தச் சண்டையை விட்டுவிடுகிறேன். அதே ஆண்டு ஜூனில் புரூக்ஹேவனில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ரிக் முடுக்கி ஓடத் தொடங்கியதும்தான் டௌ-நாட் நிஜமான தொந்தரவாக மாறியது.

ரிக்கில் தங்கக் கருக்கள் முழு ஆற்றலில் வரும்போது நூறு மடங்குக்கு மேல் நசுங்கியிருக்கும். குறுக்கே 14 ஃபெர்மி, கனம் 0.14-க்கும் குறைவு. இரண்டும் நேருக்கு நேர் படாமல் சற்று விலகி மோதினால், படிந்த பகுதி நீள்வட்டம்போல் இருக்கும். பாய்மமாக இருந்தால் குறுகிய பக்கத்தில் அழுத்தச் சரிவு அதிகம். அந்தப் பக்கம் துகள்கள் அதிகமாகப் பாயும். இதைப் பார்த்தால் பாய்மம் உண்டு என்று நம்பலாம் என 1992-இலேயே எழுதியவர் பிரான்சின் ஒலித்ரோ. ரிக்கின் முதல் தரவிலேயே அது கண்டது; அதுவும் பாய்மக் கணக்கு சொன்ன அளவுக்கு. சிக்கல் எங்கே என்றால், அந்த நீள்வட்டம் விரிய விரிய வட்டமாகிவிடும். தாமதித்தால் பாய்ச்சல் பிறக்காது. ஹைன்ஸும் கோல்பும் கணக்குப் போட்டு, பாய்மம் 0.6 ஃபெர்மி நேரத்துக்குள்ளேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள். கோட்பாட்டாளர்கள் அடிப்படை விதிகளிலிருந்து கணித்தால் வெப்பச் சமநிலைக்கு இரண்டு, மூன்று ஃபெர்மியாவது ஆயிற்று. எப்படி அவ்வளவு சீக்கிரம்? இந்தக் கேள்வி ஏறக்குறைய பத்தாண்டுகள் ஒவ்வொரு மாநாட்டிலும் எழுந்தது. 2005 ஏப்ரலில் ரிக் குழுவினர், நாங்கள் கண்டது கிட்டத்தட்ட உராய்வே இல்லாத திரவம் என்று உலகுக்கு அறிவித்தபோதும் இதற்குப் பதில் இல்லை.

பதில் தேடி வேறொரு கூட்டம் மறுபக்கத்திலிருந்து, அதாவது மோதலுக்கு முன்னாலிருந்து, நடந்து வந்துகொண்டிருந்தது. 1994-இல் லாரி மெக்லெரனும் ராஜு வேணுகோபாலனும் எழுதிய கட்டுரைகள் கேட்டது: மோதப் போகும் கரு எப்படி இருக்கிறது? அதிவேகத்தில் ஓடும் அணுக்கருவில் குளுவான்கள் அடர்ந்துபோய்விடுகின்றன. ஹாம்பர்கின் ஹேரா முடுக்கியும் புரோட்டானுக்குள் குளுவான்கள் மளமளவென்று பெருகுவதைக் காட்டியிருந்தது. அவ்வளவு அடர்ந்தால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. ஒரு புலமாகவே எழுதிவிடலாம். மறு ஆண்டு கோவ்னர், மெக்லெரன், வைகர்ட் ஆகியோர் அத்தகைய இரண்டு புலங்களை மோதவிட்டார்கள். கருக்கள் ஒன்றையொன்று கடந்த அதே நொடியில், இடையில் மோதல் திசையிலேயே நீண்ட நிற மின்புலமும் நிறக் காந்தப்புலமும் எழுகின்றன. 2006-இல் லாப்பியும் மெக்லெரனும் இந்த இடைநிலைக்கு ‘கிளாஸ்மா’ என்று பெயரிட்டார்கள். ஹைசன்பர்கின் புலம், சரியான சமன்பாட்டோடு திரும்பி வந்ததாகவே நான் இதைப் பார்க்கிறேன். இதைக் கேட்டால் கிளாஸ்மாக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள்.

கிளாஸ்மா முதல் கணத்துக்கு ஓர் உருவம் கொடுத்தது. கூடவே ஒரு தலைவலியையும். பாய்மம் என்றால் எல்லாத் திசையிலும் அழுத்தம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் படித்திருந்தோம். கிளாஸ்மாவில் தொடக்கத்தில் நீளவாக்கு அழுத்தம் எதிர்மறை: தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுக்கிறது. இங்கிருந்து 0.6 ஃபெர்மிக்குள் சமநிலைக்கு எப்படி வருவது? பிளாஸ்மா நிலைகுலைவுகள் அதைச் செய்யும் என்று போலந்தின் ம்ரூவ்சின்ஸ்கி வழியில் சிலர் முயன்றார்கள். போதவில்லை.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்த விதம் எனக்கு இன்னும் வியப்பு. 2012-இல் ஹெல்லர், யானிக், வித்தாஷ்சிக் மூவரும், சரக் கோட்பாட்டிலிருந்து வந்த ஈர்ப்புவிசைக் கணக்கு ஒன்றைக் கொண்டு, அழுத்தங்கள் பெரிதும் சமமில்லாதபோதே பாகுநிலை சேர்த்த பாய்மச் சமன்பாடுகள் சரியாக வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். எங்கிருந்து தொடங்கினாலும் வழிகள் ஒரே பாதையில் போய்ச் சேருகின்றன என்று 2015-இல் ஹெல்லரும் ஸ்பாலின்ஸ்கியும் எழுதினார்கள். சமநிலை எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். வந்திருக்கவே தேவையில்லை.

இதற்கிடையே இன்னொரு கதை, என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. முதல் கணத்தின் வடிவம் பற்றியது.

கருக்களை வழவழப்பான வட்டங்களாகவே பெரும்பாலோர் வரைந்து வந்தார்கள். மோதலின் வடிவியலைக் கணக்கிட ராய் கிளாபர் ஐம்பதுகளில் வகுத்த முறை இருந்தது. 2005-இல் ஒளியியலுக்காக நோபல் வாங்கிய அதே கிளாபர். அந்த ஒளியியல் பணியில் தன் பங்கு விடுபட்டுவிட்டதென்று சுதர்சன் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கிளாபர் முறையில் தங்கக் கருவின் 197 நியூக்ளியான்களையும் தற்செயலாகத் தூவலாம். எதிரெதிர் வரும் இரண்டு 1.16 ஃபெர்மிக்குள் வந்தால் மோதல் என்று எண்ணலாம். தூவினால் ஒவ்வொரு முறையும் திட்டுத் திட்டாகத்தான் வரும். அந்தத் திட்டுகளைப் பலரும் இரைச்சல் என்று கருதி சராசரி எடுத்து அழித்துவிட்டார்கள்.

அழிக்க மறுத்தவர்கள் சாவோ பாவ்லோவில் இருந்தார்கள். ஹாமாவும் அவருடைய பிரேசில் தோழர்களும் ஒவ்வொரு மோதலையும் அதன் திட்டுகளோடு தனித்தனியே பாயவிட்டுப் பார்த்தார்கள். இத்தகைய பெரிய முடுக்கி இல்லாத ஊர், மாநாடுகளில் பின்வரிசை. ரிக்கின் போபோஸ் குழு செம்புக் கருக்களில் எதிர்பார்த்ததைவிட அதிகப் பாய்ச்சல் கண்டு, திட்டுகளைச் சேர்த்தால்தான் கணக்குத் தீரும் என்றது. 2010-இல் எம்.ஐ.டி.யின் புராக் ஆல்வரும் குந்தர் ரோலண்டும் அந்தத் தூவலில் முக்கோணச் சாயலும் இருக்கும், அதற்கேற்ற முக்கோணப் பாய்ச்சலும் தரவில் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒலி வேகத்தை மிஞ்சிய கூம்பு அலை, துகள் இணைகளின் தரவில் தெரிந்த மர்மமான மேடு என்றெல்லாம் பெயர் சூட்டி ஆண்டுக்கணக்கில் கட்டுரை எழுதியவர்களின் சித்திரங்கள் பல அத்தோடு கலைந்தன. வெறும் வடிவியல்! கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த விடை. சமச்சீரின்மேல் நமக்கிருந்த காதல் அதை மறைத்துவிட்டது.

அதற்குப் பின் வேகம் பிடித்தது. 2012-இல் ஷென்கே, கொல்கத்தாவிலிருந்து வந்த திரிபேதி, வேணுகோபாலன் மூவரும் திட்டுகளையும் கிளாஸ்மாவையும் ஒரே மாதிரியில் சேர்த்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் நேர்மாறான ஒரு மனப்போக்கு. 2015-இல் வெளிவந்த அவர்களுடைய ‘டிரென்டோ’ மாதிரி இயற்பியலைப் பற்றி வாயே திறப்பதில்லை. இரண்டு கருக்களின் தடிமனையும் எப்படிக் கலப்பது என்பதை ஒரு திருகில் விட்டுவிட்டு, திருகை எங்கே நிறுத்துவது என்று தரவையே கேட்டார்கள். தரவு பூஜ்யத்தை ஒட்டி நிறுத்தியது. அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடு என்றது. கிளாஸ்மா வகை மாதிரிகள் சொல்வதற்கு மிக அருகில். டௌ-நாட்டையும் இப்படித் தரவிடமே விட்டுவிடுகிறார்கள் இப்போது. என் மூத்தவர்கள் சொன்ன அதே பதில்தான், பிழை எல்லைகளோடு.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2010-இல் செர்னின் எல்.எச்.சி.யில் வெறும் புரோட்டான்–புரோட்டான் மோதலிலேயே அந்த மேடு தெரிந்தது, பிறகு புரோட்டான்–ஈயத்திலும். அவ்வளவு சிறிய இடத்தில் பாய்மம் என்று சொல்லலாமா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. ரிக் இருந்த இடத்தில் எலக்ட்ரான்–அயனி மோதுகலம் கட்டப்படவிருக்கிறது. மோதலுக்கு முந்திய கருவின் குளுவான்களை நேரடியாகப் பார்ப்பது அதன் முதன்மை வேலைகளில் ஒன்று.

முதுகலை மாணவர்களுக்குத் திட்டப்பணி தேடும் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்கு முடுக்கி வேண்டாம், மானியம் வேண்டாம், வெளிநாட்டுப் பயணமும் வேண்டாம். ஃபெர்மியின் பதினான்கு பக்கங்களை முதலில் படிக்கக் கொடுங்கள். பிறகு ஒரு சாதாரண மடிக்கணினியில் பைத்தானில் 197 புள்ளிகளைத் தூவி, எதிரே இன்னொரு 197-ஐத் தூவி, 1.16 ஃபெர்மி விதியை வைத்து மோதவிடச் சொல்லுங்கள். முக்கோணச் சாயல் எவ்வளவு என்று அவர்களே அளக்கட்டும். டிரென்டோவின் நிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தங்கள் விடையை அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு பருவத்துக்குள் முடியும் வேலை.